படம் பார்த்தாச்சு, இனி நாவல் எதற்கு?

மார்ச் 2, காலை

வாசகர் ஒருவர் கேட்டது: “டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தை நேற்றுப் பார்த்தேன். டேவிட் லீன் 1946இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. புத்தகம் வீட்டில் இருக்கிறது, நல்ல தடிமன். கதை தெரிந்த பிறகு அதில் படிக்க என்ன மிச்சம்? சும்மா ‘புத்தகம்தான் உசத்தி’ என்று சொல்லாதீர்கள் சார், காரணம் சொல்லுங்கள்.”

மார்ச் 2, இரவு

காரணம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கதை சொல்லும் நாயகன் பிப் தன் அம்மா அப்பாவைப் பார்த்ததே இல்லை. கல்லறைக் கல்லில் வெட்டிய எழுத்தின் வளைவு நெளிவை வைத்து, அப்பா கறுப்பாக, தடியாக, சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று முடிவு கட்டுகிறான். பக்கத்தில் ஒன்றரை அடி நீளத்தில் ஐந்து குட்டிக் கற்கள். செத்துப்போன ஐந்து சகோதரர்கள். ஐந்து பேரும் மல்லாக்கப் படுத்தபடி, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே பிறந்தவர்கள், கடைசிவரை கையை வெளியே எடுக்கவே இல்லை என்பது அவன் நம்பிக்கை.

ஐந்து பிள்ளைகள் செத்த சங்கதி. படிக்கிற நமக்கோ சிரிப்பு வந்துவிடுகிறது. காரணம், சொல்கிறவர் வளர்ந்து, அடிபட்டு, திரும்பி உட்கார்ந்து அந்தப் பையனைப் பார்க்கும் பிப். நாவல் நெடுக இரண்டு பிப் இருக்கிறார்கள். ஒருவன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான், இன்னொருவன் அவனைக் கேலி செய்தபடியே வருகிறான். படத்தில் முழிக்கிறவன் மட்டும்தான் வருகிறான். நீங்கள் பாதிப் பேரைத்தான் சந்தித்திருக்கிறீர்கள் தம்பி.

ஓர்லிக் என்று ஒரு முரட்டு வேலையாள் நாவலில் உண்டு, பிப்பை வளர்க்கும் அக்கா புருஷன் ஜோவின் கொல்லுப்பட்டறையில். லீன் அவனைத் தூக்கிவிட்டார். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நான் சொல்வது கதையைப் பற்றி இல்லை, குரலைப் பற்றி.

மார்ச் 3, காலை

நேற்று எழுதியதைப் படித்தால் படத்தை மட்டம் தட்டுவது போல இருக்கிறது. அப்படி இல்லை. அந்தக் கல்லறைத் தோட்டக் காட்சி மட்டும் போதும், லீன் யார் என்று தெரிந்துகொள்ள. சதுப்பு நிலக் கரையில் பையன் ஓடி வருகிறான். தூக்குமரங்கள். காற்று. கிளைகள் முனகுகின்றன. பையன் பயந்து மரத்தைப் பார்க்கிறான், நாமும் மரத்தைப் பார்க்கிறோம். ஆபத்து மரத்தில் இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டு, பையன் திரும்பி ஓடும்போது நேராகத் தப்பியோடி வந்த ஒரு கைதியின் மேல் போய் மோதவிடுகிறார். எத்தனையாவது தடவை பார்த்தாலும் நான் நாற்காலியில் ஓர் அங்குலம் எழும்பி உட்காருவேன்.

நாவலில் இது ஒரே வரி. கல்லறைகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் எழுந்து “சத்தம் போடாதே” என்று கத்துகிறான், அவ்வளவுதான். அந்த இடத்தில் படம் ஜெயித்தது என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்று. அந்தக் கைதிக்காக வீட்டில் திருடிய பையன் விடியற்காலைப் பனியில் ஓடும்போது, மாடுகள்கூட “ஏய், திருட்டுப் பயலே” என்று அவனைப் பார்த்துச் சொல்வதாக நாவலில் வரும். லீன் அதையும் விடவில்லை, மாட்டைப் பேசவைத்துவிட்டார். அதனால் ‘குரல் படத்தில் இல்லவே இல்லை’ என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். பையன் சின்னவனாக இருக்கும்வரை இருக்கிறது.

மார்ச் 3, மாலை

பிப் பெரியவனானதும் என்ன ஆகிறது என்றால், 38 வயது ஜான் மில்ஸ் 20 வயதுப் பையனாக வந்து நிற்கிறார். நம் ஊரில் கல்லூரி மாணவனாக வந்த நாயகர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பிப் காதலிக்கும் எஸ்டெல்லாதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். சின்ன எஸ்டெல்லாவாக வரும் ஜீன் சிம்மன்ஸைப் பார்த்தால் பிப் ஏன் ஆயுள் முழுக்கக் கிறங்கினான் என்று புரியும். பெரியவளாக வரும் வேலரி ஹாப்ஸனைப் பார்த்தால் புரியாது.

மார்ச் 5

“நீங்கள் முதலில் படித்தீர்களா, பார்த்தீர்களா?” என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். இதற்குச் சின்ன பதில் கிடையாது.

1986. சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்த காலம். ஒரு திரைப்படச் சங்கத்தில் மாதத்துக்கு இரண்டு படம் போடுவார்கள், 16 மி.மீ. சுருளில். மடக்கு நாற்காலி, மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. இந்தப் படம் மூன்று சுருளாக வந்திருந்தது. முதல் சுருள் முடிந்தது. விளக்கு எரிந்தது, அணைந்தது. அடுத்ததில் முன்பின் அறியாத ஒரு கிழவனைப் படகில் ஏற்றித் தப்பிக்கவைக்க பிப் படாத பாடு படுகிறான். ஏன் என்று சொல்லவே இல்லை. எஸ்டெல்லாவை வளர்த்த மிஸ் ஹாவிஷம், கல்யாணம் நின்றுபோன நாளின் மணக்கோலத்திலேயே கிழவியானவள், தீப்பற்றி எரிந்து போகிறாள். பிப் திரைச்சீலைகளைக் கிழித்தெறிந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறான். முற்றும்.

கைதட்டல். எல்லோரும் எழுந்தாகிவிட்டது. அப்போதுதான் ஒரு சுருள் மிச்சம் இருப்பதை ஆப்பரேட்டர் கவனித்தார். “சார், உட்காருங்க, இன்னும் இருக்கு.” உட்கார்ந்தோம். செத்துப்போன மிஸ் ஹாவிஷம் திரும்ப வந்து அதே கல்யாணச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். (கவுன். கவுன். கை தானாகச் சேலை என்று எழுதிவிட்டது, இருக்கட்டும்.) பிப் லண்டனுக்குப் போகிறான், சீமான் ஆகிறான், கடைசியில் ஒரு புயல் ராத்திரியில் அந்தக் கிழவன், முதல் சுருளில் வந்த அதே கைதி, வந்து நிற்கிறான். ‘உனக்குப் பணம் அனுப்பியது நான்தான்.’ விளக்கு எரிந்தது.

பிறகு நடந்த கலந்துரையாடலில், கதையை முடித்துவிட்டு நடுப்பகுதியைச் சொல்லும் லீனின் துணிச்சலை ஒருவர் பத்து நிமிடம் பாராட்டிப் பேசினார். நான் தலையாட்டினேன். ஆப்பரேட்டர் சுருளைச் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்ச் 6

புத்தகம் அதற்கு அடுத்த வருடம். நடைபாதையில் 12 ரூபாய்க்கு வாங்கினேன், அட்டை இல்லாத பிரதி. அதற்கு முன்னால் பள்ளியில் நான்-டீடெயிலாக வந்த சுருக்கம் படித்ததுதான். அதுவும் படம் மாதிரிதான், யார் எங்கே போனார், யார் செத்தார், முடிந்தது.

நடைபாதைப் பிரதியில் கடைசி அத்தியாயத்தில் பாதி இல்லை. 59ஆவது அத்தியாயம். பதினோரு வருடம் கழித்து பிப் ஊருக்கு வருகிறான். டிசம்பர் மாத இருட்டு. பழைய சமையற்கட்டில் அடுப்பு எரிகிறது, ஜோ உட்கார்ந்திருக்கிறார், தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. ஜோவின் காலை வேலியாக்கி, மூலையில் தன் பழைய முக்காலியில் தானே உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது பிப்புக்குத் தெரிகிறது. ஜோவுக்கும் அவர் மனைவி பிட்டிக்கும் பிறந்த பையன். அவனுக்கும் பிப் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அங்கே ஒரு கல்லின் மேல் தூக்கி உட்காரவைக்கிறான்.

என் பிரதி அதோடு சரி. அதற்கு அப்புறம் தாள் இல்லை.

முதல் அத்தியாயத்தில் கைதி பிப்பைத் தூக்கி உட்காரவைத்ததும் ஒரு கல்லறைக் கல்லின் மேல்தான். நாவல் தொடங்கிய இடத்துக்கே வந்து முடிகிறது, எஸ்டெல்லா எங்கே போனாள் என்றுகூட டிக்கன்ஸ் சொல்லவில்லை, என்ன கட்டுப்பாடு, என்ன அழகு என்று பத்து வருடம் சொல்லித் திரிந்தேன். நல்ல பிரதி ஒன்று கிடைத்தபோதுதான் தெரிந்தது, அதற்குப் பிறகு பனிமூட்டத்தில் எஸ்டெல்லா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று.

ஆக, எனக்கு முதலில் கிடைத்த படமும் தப்பு, முதலில் கிடைத்த புத்தகமும் தப்பு. இந்த லட்சணத்தில் நான் உங்களுக்கு ஒப்பிட்டுச் சொல்ல வந்திருக்கிறேன்.

மார்ச் 6, இரவு

தூக்கம் வரவில்லை. முடிவு பற்றி இன்னும் கொஞ்சம்.

டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவே வேறு. இந்த நாவல் அவருடைய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தொடராக வந்தது. முடிவை அச்சுக்குக் கொடுக்கும் முன் நண்பர் எட்வர்டு புல்வர் லிட்டனிடம் காட்டினார். அந்த முதல் முடிவில், பிப் குட்டி பிப்பைக் கூட்டிக்கொண்டு லண்டன் பிக்கடில்லி தெருவில் நடக்கிறான். ஒரு வண்டி நிற்கிறது. உள்ளே எஸ்டெல்லா, ஒரு டாக்டரை மறுமணம் செய்துகொண்டவள். “அந்தக் குழந்தையைத் தூக்கிக் காட்டு, ஒரு முத்தம் கொடுக்கிறேன்” என்கிறாள். அது பிப்பின் பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறாள். இவனும் திருத்தவில்லை. பிரிந்துவிடுகிறார்கள்.

எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் லிட்டன், இவ்வளவு சோகம் ஆகாது, மாற்று என்றார். டிக்கன்ஸ் மாற்றினார். நாம் படிப்பது அந்த மாற்றிய முடிவு. அதுவும் கல்யாணம் என்று சொல்வதில்லை, இனிப் பிரிவின் நிழல் தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பழைய முடிவு 1874இல், டிக்கன்ஸ் செத்து நாலு வருடம் கழித்து, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது.

லீனின் முடிவு இரண்டிலும் சேராது. நாவலில் மிஸ் ஹாவிஷமின் வீடு இடித்துத் தரைமட்டமாகி, தோட்டச் சுவர் மட்டும் நிற்கும். படத்தில் வீடு அப்படியே இருக்கிறது, எஸ்டெல்லா அந்தக் கிழவியின் நாற்காலியிலேயே, அவளைப் போலவே உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் பிப் திரைச்சீலையைக் கிழிக்கிறான். முதல் தடவை பார்த்தபோது ‘இது டிக்கன்ஸ் இல்லை’ என்று கோபப்பட்டேன். எந்த டிக்கன்ஸ்? சிநேகிதன் சொன்னதும் முடிவை மாற்றிய டிக்கன்ஸா, மாற்றுவதற்கு முந்தியவரா? கோபம் கொஞ்சம் அசடு வழிகிறது.

மார்ச் 7

கிளைக்கதை, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

அந்த லிட்டன் நமக்கு வேற்று ஆள் இல்லை. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்துக்கு மூலக்கதை லிட்டனின் ‘தி சீக்ரெட் வே’. ‘நீராருங் கடலுடுத்த’ அந்த நாடகத்தில்தான் வருகிறது. டிக்கன்ஸின் முடிவை மாற்றவைத்த கைதான் தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கும் நூலுக்குக் கதையையும் கொடுத்தது.

அவருடைய மகன் லிட்டன் பிரபுதான் தாது வருஷப் பஞ்சத்தின்போது இங்கே வைஸ்ராய். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனம் செத்தபோது டெல்லியில் தர்பார் நடத்தியவர். அந்தக் கதைக்கு முடிவை மாற்றச் சொல்ல யாரும் இல்லை.

மார்ச் 9

எமிலி பிராண்ட்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ பற்றிக் கேட்டவருக்கு: 1939இல் வில்லியம் வைலர் எடுத்ததைத்தானே சொல்கிறீர்கள்? நாவலில் 34 அத்தியாயம். நாயகி கேத்தி 16ஆவது அத்தியாயத்தில் செத்துவிடுகிறாள். படம் அவள் சாவோடு முடிந்து, அவளும் காதலன் ஹீத்கிளிஃபும் ஆவிகளாகக் கைகோத்து நடந்து போகிறார்கள். அந்த ஆவிக்காட்சி தயாரிப்பாளர் கோல்ட்வின் பிடிவாதமாகச் சேர்த்தது, வைலருக்கு அதில் இஷ்டமில்லை.

பாக்கி 18 அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? ஹீத்கிளிஃப் அடுத்த தலைமுறையைப் பழிவாங்குவது இருக்கிறது. செத்தவளின் மகளைச் சிறைவைத்து, தன் நோயாளி மகனுக்குக் கட்டிவைப்பது இருக்கிறது. ஹேர்ட்டன் என்ற பையனை எழுத்தறிவே இல்லாமல் வளர்த்துக் காட்டுமிராண்டி ஆக்குவது இருக்கிறது. அதைப் படித்த யாரும் ஹீத்கிளிஃபைக் காதலர் திலகம் என்று சொல்ல மாட்டார்கள். பாதியில் நிறுத்தியதால் படம் காதல் கதை ஆயிற்று. என் 1986 சுருள் விவகாரத்தை ஹாலிவுட் வேண்டுமென்றே செய்திருக்கிறது.

இங்கேயும் குரல் போச்சு. நாவலில் கதை சொல்வது வேலைக்காரி நெல்லி. அவள் ஒன்றும் யோக்கியம் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வாள், மூட வேண்டிய இடத்தில் போட்டுக்கொடுப்பாள். ‘ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் எனக்குக் கேவலம்’ என்று கேத்தி சொல்லும்போது அவன் ஒட்டுக்கேட்பது அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள். படத்தில் அவள் பாசமுள்ள பாட்டி.

மார்ச் 9, கொஞ்சம் கழித்து

ஒன்று விட்டுப்போச்சு. ஹீத்கிளிஃபை முதலில் பார்க்கும் பக்கத்துப் பண்ணையார், இவன் லஸ்கராக இருப்பானோ என்பார். லஸ்கர் என்றால் கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமி. (நம் ஊரில் வாய்க்கால் மதகு திறக்கிற ஆளுக்கும் அதே பெயர்தான், பொதுப்பணித்துறை லஸ்கர்.) அந்த வேடத்தைப் படத்தில் போட்டவர் லாரன்ஸ் ஒலிவியர். வெள்ளைக்கார கேத்தியாக நடித்த மெர்ல் ஓபரான்தான் பம்பாயில் பிறந்தவர், தாய்வழி வேர் இலங்கை. அதை மறைத்து, டாஸ்மேனியாவில் பிறந்தேன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘அவனைக் கட்டினால் எனக்குக் கேவலம்’ என்ற வசனத்தை அவர் வாயால் கேட்கும்போது, இது தெரிந்தவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். இதற்கு எமிலி பிராண்ட்டி பொறுப்பில்லை, வைலரும் பொறுப்பில்லை. தானாக அமைந்தது.

மார்ச் 10

ஃப்ராங்கன்ஸ்டைன்: நாவலில் ஃப்ராங்கன்ஸ்டைன் உயிர் கொடுத்த பிராணி பேசும். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தைப் படித்துவிட்டுத் தன்னைப் படைத்தவனோடு வக்கீல் மாதிரி வாதாடும். 1931 படத்தில் போரிஸ் கார்லோஃப் உறுமுகிறார். இடி மின்னல், எந்திரம், கூனன் உதவியாளன் எல்லாம் படத்துச் சரக்கு. மேரி ஷெல்லியின் 1818 நாவலில் நவம்பர் மழை, அணையப்போகும் மெழுகுவத்தி, அவ்வளவுதான். நாவலாசிரியரை டைட்டிலில் ‘மிஸஸ் பெர்சி பி. ஷெல்லி’ என்று போட்டார்கள். பிராணிக்கு மட்டுமா வாயடைத்தார்கள்.

மார்ச் 12

“தமிழில் எடுத்தால் கெடுத்துவிடுவார்கள்” என்று ஒருவர் பொதுவாக அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ‘ஏழை படும் பாடு’ பாருங்கள், 1950. விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ளே’வை சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில்தான் தமிழாக்கினார். கே. ராம்நாத் படமாக எடுத்தார். நாகையா கந்தனாக வருவார், அதாவது நாவலின் நாயகன் ழான் வல்ழான். துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவர் வேடத்தில் சீதாராமன் என்ற நடிகர். அந்த வேடத்தின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு, கடைசிவரை ஜாவர் சீதாராமன். ‘உடல் பொருள் ஆனந்தி’ எழுதியவர் அவர்தான். பிரெஞ்சு நாவலின் போலீஸ்காரன் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவர் தமிழில் தொடர்கதை எழுதினார் என்றால், அந்த நாவல் இங்கே எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

ஹ்யூகோவை அப்படியே படமாக்க யாராலும் முடியாது. ழான் வல்ழான் வருவதற்கு முன்னால் பிஷப்பைப் பற்றி மட்டும் 14 அத்தியாயம். வாட்டர்லூ போருக்கு 19 அத்தியாயம், அதில் கதைக்கு வேண்டியது கடைசியில் பிணங்களிடம் திருடும் ஒருவன் மட்டும். நானே வாட்டர்லூவைத் தாண்டிக் குதித்தவன்தான், இரண்டு முறை.

மார்ச் 13

‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பற்றி ஒரு குறிப்பு மட்டும். அதற்கு மூலமான, ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’யில் 17 வயது மரியான் கர்னல் பிராண்டனை ஒதுக்குவதற்குச் சொல்லும் காரணம், அவருக்கு 35 வயது, அதோடு ஃபிளானல் உள்சட்டை போடுகிறார். மூட்டுவலிக்காரக் கிழவன் என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு நமக்கு எட்டாது. ராஜீவ் மேனன் ஃபிளானலை எடுத்துவிட்டு, இலங்கையில் அமைதிப்படையில் காலை இழந்த மேஜரை வைத்தார், மம்மூட்டி. ஃபிளானல் சட்டையை இதைவிட நன்றாக யாரும் மொழிபெயர்த்ததில்லை. 1995இல் ஆங் லீ எடுத்த ஆங்கிலப் படத்தில்கூட அந்த இடம் எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை.

மார்ச் 17

லீன் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன், சரியான வரிசையில். பக்கத்தில் நாவலை விரித்துவைத்துக்கொண்டு. இரண்டு திருத்தம்.

முதலாவது, ஓர்லிக் போனதில் நஷ்டம் இல்லை என்று 2ஆம் தேதி எழுதியது தப்பு. கைதிக்கு அரம் வேண்டும். பிப் ஜோவின் பட்டறையிலிருந்து திருடிக் கொடுக்கிறான். கைதி அந்த அரத்தால் கால் விலங்கை அறுத்துப் போடுகிறான். பல வருடம் கழித்து, அறுபட்டுக் கிடந்த ஒரு விலங்கால் யாரோ பிப்பின் அக்காவைப் பின்மண்டையில் அடித்துச் சாய்க்கிறார்கள், அவளுக்குப் பேச்சே போய்விடுகிறது. அது தன் கைதியின் விலங்குதான் என்று பிப் நம்புகிறான். அடித்தவன் ஓர்லிக், ஆனால் ஆயுதம் கொடுத்தது நான் என்று உள்ளுக்குள் அழுகுகிறான். சுண்ணாம்புச் சூளையில் பிப்பைக் கட்டிப்போட்டு ஓர்லிக்கும் அதையேதான் சொல்வான், உன் அக்காவை அடித்தது நீதான் என்று. ஓர்லிக்கை எடுத்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. படத்தில் பிப்புக்கு வெட்கம் இருக்கிறது, குற்ற உணர்ச்சி பாதிதான் இருக்கிறது.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஜோ லண்டனுக்கு வரும் இடம். கொல்லுப்பட்டறைக்காரர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்பு மாடத்தின் விளிம்பில் வைக்கிறார், விழுகிறது. பிடிக்கிறார், வைக்கிறார், விழுகிறது. பிப் கூனிக்குறுகிப் போகிறான். படத்தில் இந்த இடத்தில் ஜான் மில்ஸின் குரல் வந்து, சீமான் ஆகப் பார்த்து நான் பகட்டுக்காரன் ஆகிவிட்டேன் என்று சொல்கிறது. நல்ல வரி. நாவலில் கிடையாது.

நாவலில் இருப்பது வேறு. ஜோ வருகிறார் என்று கடிதம் வந்ததும் பிப் சொல்வது: பணம் கொடுத்து அவரை வராமல் தடுக்க முடியும் என்றால், கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன்.

அவ்வளவுதான். தன்னைப் பகட்டுக்காரன் என்று திட்டிக்கொள்ளவில்லை. எடுத்து வளர்த்த மனிதரை வராமல் இருக்கச் செய்ய எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டதை மட்டும் ஒப்புக்கொள்கிறான். படத்தில் அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டான், நான் தலையாட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். நாவலில் அந்த வரியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன். என் சித்தப்பா ஊரிலிருந்து முருங்கைக்காய் மூட்டையோடு என் அலுவலக வாசலில் வந்து நின்ற நாள் ஒன்று உண்டு. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆக, 2ஆம் தேதி சொன்ன ‘குரல்’ என்பதையும் திருத்திக்கொள்கிறேன். படத்திலும் குரல் இருக்கிறது, அது விளக்கம் சொல்கிறது. நாவலின் குரல் வாக்குமூலம் கொடுக்கிறது.

மார்ச் 18

ஜோ கிளம்பும்போது சொல்வது நேற்று விட்டுப்போயிற்று. வாழ்க்கை என்பதே பிரிவுகளைப் பற்றவைத்துச் செய்ததுதான் அப்பா, ஒருவன் கொல்லன், ஒருவன் தட்டான், ஒருவன் கன்னான், அவரவர் பிரிந்துதான் ஆக வேண்டும் என்பார். பட்டறைக்காரர் வாயில் பட்டறை வார்த்தைதான் வருகிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள், மூலத்தைவிட நன்றாகவே வருகிறது.

மார்ச் 18, மறுபடி

“லீன் நாவலைப் படித்துவிட்டுத்தானே எடுத்திருப்பார், அவரைவிட உங்களுக்குத் தெரியுமா” என்று கேட்டவருக்கு. தெரியாதுதான். ஆனால் லீனுக்கு இந்த ஆசை வந்தது புத்தகத்தால் இல்லை. 1939இல் நடிகர் அலெக் கின்னஸ் இதை நாடகமாக்கிப் போட்டார், லீன் அதைப் பார்த்தார். கின்னஸும் மிஸ் ஹாவிஷமாக நடித்த மார்டிட்டா ஹன்ட்டும் நாடகத்திலிருந்து அப்படியே படத்துக்கு வந்தவர்கள். நாடகம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போன ஆள் எடுத்த படம் அது. உங்கள் வரிசையும் அதேதான் தம்பி, படம் பார்த்தாச்சு, அடுத்தது புத்தகம்.

மார்ச் 24

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். ஆரம்பித்துவிட்டாராம், 38ஆவது அத்தியாயம் வரை வந்துவிட்டாராம். கால்சட்டைப் பைக்குள் கை விட்ட சகோதரர்களைப் படித்துவிட்டு பஸ்ஸில் சத்தமாகச் சிரித்து, பக்கத்து சீட் அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாராம். “இனிமேல் கதையைச் சொல்லாதீர்கள் சார்” என்கிறார். படத்தையும் பார்த்து, நான் மேலே கொட்டியதையும் படித்த பிறகு, சொல்ல என்ன பாக்கி இருக்கிறதாம்.

சரி, சொல்லவில்லை. 39ஐ மட்டும் பஸ்ஸில் படிக்க வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்குப் படியுங்கள், நாவலிலும் அப்போது பதினோரு மணிதான், தேவாலய மணி அடிக்கும். வெளியே புயல், முற்றத்து விளக்குகளெல்லாம் காற்றில் அணைந்துவிட்டன. மாடிப்படியில் காலடிச் சத்தம். பிப் படிக்கிற விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டுக் கைப்பிடிக்கு மேலே நீட்டுகிறான். “எந்த மாடி வேண்டும்?” என்று கேட்கிறான்.

கீழே இருட்டிலிருந்து பதில் வருகிறது. “மேல்மாடி. மிஸ்டர் பிப்.”